எண்ணோடு நேரத்தையும் எழுதுங்கள்: வன்னி வைத்தியசாலைகளில் செப்சிஸ் குறிகாட்டிகளை வாசிக்கும் முறை

வன்னிக்கு முதல் நியமனம் பெற்று வரும் இளம் வைத்திய அதிகாரிகளையும், இரவுக் கடமையில் ஒரு விடுதி முழுவதையும் தனித்துப் பார்க்கும் தாதிய உத்தியோகத்தர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். வீட்டில் ஒருவர் காய்ச்சலோடு படுத்திருக்க, ஆய்வுகூடத்துத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அதிலுள்ள எண்களின் பொருள் விளங்காமல் தவிக்கும் உறவினர்களுக்கும் இதில் பயன்படும் பகுதிகள் உண்டு. ஆனால் சிகிச்சையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் நோயாளியை நேரில் பார்க்கும் வைத்தியரின் பொறுப்பு என்பதை அவர்கள் மறக்கக் கூடாது.

செப்சிஸ் என்பதை "குருதியில் கிருமி கலத்தல்" என்றே பலர் விளங்கிக்கொள்கிறார்கள். இந்த விளக்கத்தால் வரும் பிழைகள் பல. 2016ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு வரையறையின்படி, ஒரு தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறிச் சொந்த உறுப்புகளையே செயலிழக்கச் செய்து உயிராபத்தை உண்டாக்கும் நிலையே செப்சிஸ். ஆகவே நாம் விடை தேட வேண்டிய கேள்விகள் இரண்டு. தொற்று இருக்கிறதா என்பது ஒன்று. உறுப்புகள் தளர்கின்றனவா என்பது மற்றையது. சி.ஆர்.பி., புரோகல்சிற்றோனின் ஆகிய குருதிப் புரதங்கள் முதலாம் கேள்விக்கு ஓரளவு விடை தருவன. லக்ரேற்று (கலங்கள் குளுக்கோசை எரிக்கையில் உண்டாவது), கிரியற்றினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), பிலிருபின் (ஈரலின் நிலையைக் காட்டுவது), குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை ஆகியவை இரண்டாம் கேள்விக்கு விடை தருவன. சி.ஆர்.பி. லீற்றருக்கு 200 மில்லிகிராம் என்று வந்தாலும் உறுப்புகள் நலமாக இருந்தால் அது செப்சிஸ் ஆகாது, சி.ஆர்.பி. 20 என்று வந்த ஒருவர் குழம்பிய பேச்சோடும் குளிர்ந்த கைகளோடும் படுத்திருந்தால் அது செப்சிஸாக இருக்கக்கூடும். நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழைத்ததால் வந்தவை.

2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 4 கோடியே 89 இலட்சம் பேர் செப்சிஸுக்கு உள்ளாகி, 1 கோடியே 10 இலட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. அவ்வாண்டு இறந்தவர்களில் ஐவருக்கு ஒருவர் இவ்வாறு இறந்திருக்கிறார். இவ்வளவு பெரிய நோய்க்கு ஒரே சோதனையில் விடை தரும் குறிகாட்டியைத் தேடாத நாடில்லை. 2010இல் வெளியான ஒரு மீளாய்வு 178 குறிகாட்டிகளைக் கணக்கிட்டது. 2020இல் அந்தத் தொகை 258 ஆயிற்று. எண்ணிக்கை இவ்வாறு பெருகியதே, அவற்றுள் எதுவும் தனித்து நின்று போதவில்லை என்பதற்குச் சான்று. நம் கைக்கு எட்டும் ஐந்தாறு குறிகாட்டிகளைச் சரியாக வாசிக்கத் தெரிந்தால் போதும்.

ஒவ்வொரு குறிகாட்டிக்கும் ஒரு கடிகாரம்

பல ஆண்டுகளுக்கு முன்னர், கார்த்திகை மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், வயலில் நின்றபடியே நடுக்கம் கண்ட ஐம்பது வயதுக் கமக்காரர் ஒருவரை அவருடைய மகன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்தார். காய்ச்சல் தொடங்கி ஐந்து மணித்தியாலமே ஆகியிருந்தது. சி.ஆர்.பி. 8 என்று வந்தது. அந்த எண்ணைப் பார்த்து நிம்மதியடைந்து, பரசிற்றமோலோடு வீட்டுக்கு அனுப்பியவன் நானே. அடுத்த நாள் இரவு அவரைத் திரும்பக் கொண்டுவந்தபோது, "ஐயாவுக்குக் கை காலெல்லாம் குளிர்ந்து போச்சுது, என்ன கதைக்கிறார் எண்டும் விளங்கேல்லை" என்று மகன் சொன்னார். அப்போது சி.ஆர்.பி. 240. அவர் பிழைத்தார், ஆனால் மூன்று கிழமை வைத்தியசாலையில் கிடந்தே பிழைத்தார்.

முதல் நாளின் 8 பொய்யான எண் அன்று. சி.ஆர்.பி. என்னும் புரதத்தை ஈரல் உற்பத்தி செய்கிறது. தொற்று ஏற்பட்டதும் நோயெதிர்ப்புக் கலங்கள் இன்ரர்லூக்கின்-6 என்னும் சமிக்ஞைப் பொருளை வெளியிட, அது ஈரலைத் தூண்ட, ஈரல் புரதத்தை ஆக்கிக் குருதியில் விட நேரம் செல்லும். நான்கு முதல் ஆறு மணித்தியாலம் வரை எதுவும் தெரியாது. பின்னர் ஏறத்தாழ எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரட்டித்துக்கொண்டு போய், 36 முதல் 50 மணித்தியாலத்தில் உச்சத்தைத் தொடும். ஐந்தாம் மணித்தியாலத்தில் எடுத்த குருதியில் அது இல்லை என்பதற்கு, அது வருவதற்கு இன்னும் நேரமாகவில்லை என்பதே பொருள். நான் எண்ணை வாசித்தேன், நேரத்தை வாசிக்கவில்லை.

புரோகல்சிற்றோனின் இதைவிட விரைவானது. இரண்டு முதல் நான்கு மணித்தியாலத்தில் ஏறத் தொடங்கி, பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் உச்சத்தை அடையும். தொற்று அடங்கினால் நாளுக்கு ஏறத்தாழப் பாதியாகக் குறையும். லக்ரேற்றோ நிமிடக் கணக்கில் மாறக்கூடியது. குருதிச் சிறுதட்டுக்களும் பிலிருபினும் நாட்கணக்கில் நகர்பவை. எனவே குருதி எடுக்கும்போது குழாயிலும் படிவத்திலும் இரண்டு நேரங்களை எழுதுங்கள்: காய்ச்சலோ நடுக்கமோ தொடங்கிய நேரம், ஊசி குத்திய நேரம். திகதி மட்டும் போதாது. உறவினரிடம் "எப்ப இருந்து காய்ச்சல்?" என்று கேட்டால் "முந்தநாள்" என்பார்கள், "முந்தநாள் வயலுக்குப் போக முன்னமோ, வந்த பிறகோ?" என்று கேட்டால் நேரம் தானாக வரும்.

ஆய்வுகூடத்துக்கு முன்னர் விரல் நுனி

தாள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத அளவைகளை முதலில் எடுங்கள். சுவாசவீதத்தை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து செக்கன் எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கம் இந்த நோயில் ஏமாற்றும். நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேற்பட்ட சுவாசம், 100 அல்லது அதற்குக் கீழ்ப்பட்ட மேல் குருதியமுக்கம், தெளிவிழந்த மனநிலை ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் ஆபத்து மிகுதி. ஆயினும் இந்த மூன்றும் இல்லை என்பதால் செப்சிஸ் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. 2021ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டலும் இதை மட்டும் வைத்து நோயாளரைச் சலித்தெடுப்பதற்கு எதிராகவே பரிந்துரைக்கிறது.

அடுத்தது, நுண்துளைக் குழாய்களில் குருதி மீளும் நேரம். நுணுக்குக்காட்டிக்குப் பயன்படும் கண்ணாடித் தகடு ஒன்றை எடுத்து, வலக்கைச் சுட்டுவிரலின் உட்பக்க நுனியில் வைத்து, தோல் வெளுக்கும்வரை அழுத்தி, அதே அழுத்தத்தைப் பத்துச் செக்கன் பிடித்துப் பின் விடுங்கள். நிறம் திரும்ப மூன்று செக்கனுக்கு மேற்பட்டால் அது இயல்பன்று. ஒவ்வொரு முறையும் ஒரே விரலில், நல்ல வெளிச்சத்தில், கடிகாரத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். "ஒன்று, இரண்டு" என்று மனத்துக்குள் எண்ணுவது அவரவர் பதற்றத்தோடு சேர்ந்து ஓடும். 2019இல் 424 நோயாளரை உட்படுத்தி வெளியான ஓர் ஆய்வில், அதிர்ச்சி நிலைச் சிகிச்சையை லக்ரேற்றைப் பார்த்து நடத்திய குழுவில் 28 நாளில் 43.4 வீதமானோரும், விரல் நுனியைப் பார்த்து நடத்திய குழுவில் 34.9 வீதமானோரும் இறந்தனர். அந்த வேறுபாடு புள்ளிவிவர முறைப்படி உறுதியாகவில்லை. ஆயினும் விரல் நுனியைப் பார்த்து நடத்தியோர் பின்தங்கவில்லை என்பது, லக்ரேற்று இயந்திரம் இல்லாத பிரதேச வைத்தியசாலைக்குப் பெரிய துணை. மழையில் நனைந்து வந்தவரின் விரல் குளிரினாலும் வெளுத்திருக்கும். துடைத்துப் போர்த்தி, சற்றுப் பொறுத்து மீண்டும் பாருங்கள்.

சிறுநீரையும் அளக்க வேண்டும். "கடைசியாக எத்தனை மணிக்குச் சலம் போனவர்?" என்ற கேள்வி, கிரியற்றினின் ஏறுவதற்குப் பல மணித்தியாலம் முன்னரே சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லிவிடும். உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணித்தியாலத்துக்கு அரை மில்லிலீற்றருக்குக் குறைவாகச் சிறுநீர் போவது எச்சரிக்கை.

லக்ரேற்று: பயணம் தாங்காத எண்

உடற்கலங்களுக்கு ஒட்சிசன் போதாதபோது லக்ரேற்று கூடும் என்று படித்திருப்பீர்கள். அது பாதி உண்மை. செப்சிஸில் பெருகும் அதிரனலின் தூண்டுதலாலும் கலங்கள் குளுக்கோசை வேகமாக எரித்து லக்ரேற்றை ஆக்குகின்றன. தளர்ந்த ஈரல் அதை அகற்றத் தாமதிக்கிறது. எந்த வழியில் கூடினாலும் லீற்றருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் கவனிக்கப்பட வேண்டியது, 4க்கு மேல் அபாயம். போதிய திரவம் கொடுத்த பின்னரும், சராசரி நாடியமுக்கத்தை 65இல் வைத்திருக்கக் குருதியமுக்கத்தை உயர்த்தும் மருந்து தேவைப்பட்டு, அதோடு லக்ரேற்றும் 2க்கு மேல் நின்றால் அது செப்சிஸ் அதிர்ச்சி. அந்நிலையில் வைத்தியசாலையிலேயே இறப்போர் 40 வீதத்துக்கு மேல்.

இந்த எண் குழாய்க்குள்ளேயே மாறும். எடுத்த குருதியிலுள்ள செங்குழியங்கள் குளுக்கோசை எரித்துக்கொண்டே இருப்பதால், வெறும் குழாயில் எடுத்து மேசையில் வைத்த மாதிரியில் லக்ரேற்று தானாக ஏறும். ஒருமுறை, நன்றாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த பெண்மணிக்கு 6 என்று வந்த முடிவைப் பார்த்துத் திகைத்து விசாரித்தேன். மாதிரி முச்சக்கர வண்டியில் வெயிலில் ஒன்றரை மணித்தியாலம் இருந்திருக்கிறது. எனவே கையை இறுக்கிக் கட்டும் பட்டியை நீண்ட நேரம் விட்டுவைக்காமல், முட்டியைத் திறந்து மூடச் சொல்லாமல் குருதியை எடுத்து, குளுக்கோசுச் சோதனைக்குப் பயன்படும் சாம்பல் மூடிக் குழாயில் இட்டு, மெதுவாகப் பலமுறை கவிழ்த்துக் கலந்து, ஐஸ் நிரப்பிய குடுவையில் வைத்து உடனே கொடுங்கள். பதினைந்து நிமிடத்துக்குள் ஆய்வுகூடம் கையேற்க முடியாத இடத்தில் லக்ரேற்றை எடுக்காமல் விரல் நுனியை நம்புவதே மேல் என்பது என் முடிவு. பிழையான எண் இல்லாத எண்ணைவிடக் கெடுதி செய்யும்.

வலிப்பு வந்து அரை மணித்தியாலத்துக்குள் எடுத்த குருதியிலும், சல்பியூற்றமோல் புகை பிடித்த ஆஸ்துமா நோயாளியிலும், சிறுநீரகம் தளர்ந்த நிலையில் மெற்போமின் குடித்தவரிலும், ஈரல் சுருங்கியவரிலும் லக்ரேற்று கூடும். இரண்டு மணித்தியாலம் கழித்து மீண்டும் எடுங்கள். சிகிச்சையோடு குறைந்துகொண்டு போவது நல்ல அறிகுறி. குறையாமல் நிற்பது, திரவமோ மருந்தோ போதவில்லை அல்லது வெட்டி வடிக்க வேண்டிய சீழ் எங்கோ இருக்கிறது என்பதன் அறிகுறி.

சி.ஆர்.பி.: அலகையும் அடிநிலையையும் பாருங்கள்

1930இல் நியூயோர்க்கின் றொக்பெல்லர் நிறுவகத்தில், நியூமோனியா நோயாளரின் குருதியில் கண்டறியப்பட்ட இந்தப் புரதமே இன்றும் நம் வைத்தியசாலைகளில் கூடுதலாகக் கேட்கப்படும் குறிகாட்டி. மலிவானது, மாதிரி பயணத்தைத் தாங்கும். அதன் நேரத்தைப் பற்றி மேலே சொன்னேன். இங்கே வேறு மூன்று பொறிகளைச் சொல்கிறேன்.

முதலாவது அலகு. சில தாள்களில் லீற்றருக்கு மில்லிகிராமாகவும் சிலவற்றில் டெசிலீற்றருக்கு மில்லிகிராமாகவும் அச்சிடுவார்கள். டெசிலீற்றரில் 9 என்பது லீற்றரில் 90. சிறிய ஆய்வுகூடங்களில் லேற்றெக்சுத் திரள்வு முறையில் செய்வதாயின் 6, 12, 24, 48 என்று இரட்டித்துப் போகும் படிகளாகவே விடை வரும். அங்கே 24 என்பது 24க்கும் 48க்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்று. நேற்று அந்த முறையில் 48, இன்று இயந்திரத்தில் 70 என்றால் நோய் கூடிவிட்டது என்று முடிவெடுக்க வழியில்லை.

இரண்டாவது, தொற்றில்லாமலும் ஏறும் நிலைகள். சத்திரசிகிச்சைக்குப் பின் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொட்டு இறங்குவது இயல்பு. அதன் பின்னும் ஏறிக்கொண்டு போனால்தான் உள்ளே கசிவையோ சீழையோ தேட வேண்டும். மகப்பேற்றுக்குப் பின்னரும் முதல் சில நாட்களில் கூடியிருக்கும். மாறாக ஈரல் பழுதடைந்தவரில், புரதத்தை ஆக்கும் உறுப்பே தளர்ந்திருப்பதால், கடும் தொற்றிலும் எண் தாழ்ந்திருக்கலாம்.

மூன்றாவது, நோயாளியின் சொந்த அடிநிலை. வன்னியில் இதை மறந்தால் பெரும் பிழை நேரும். போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்து வாழ்பவர்கள், எலும்புக்குள் குண்டுச் சிதறல் தங்கியவர்கள், அவயவம் இழந்து அடிக்கடி புண் காணும் தசையோடு இருப்பவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். படுக்கைப் புண்ணும் சிறுநீர்க் குழாயும் உள்ள ஒருவருக்கு நலமாக இருக்கும் நாளிலேயே சி.ஆர்.பி. 40 இருக்கலாம். அவருக்கு 60 என்பது எதையும் சொல்லாது, 180 சொல்லும். மேல் நெஞ்சு மட்டத்துக்கு மேல் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு 95 என்ற மேல் குருதியமுக்கம் வழமையானதாகவும் இருக்கலாம். ஆகவே அவர் கிளினிக்குக்கு நலமாக வரும் நாளில் ஒருமுறை சி.ஆர்.பி., கிரியற்றினின், குருதியமுக்கம் ஆகியவற்றை எடுத்து, அவருடைய கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். நள்ளிரவில் அவரை ஏற்றிவரும் சகோதரி அந்தக் கொப்பியை நீட்டும்போது, முன்பின் பார்த்திராத வைத்தியருக்கு அந்த மூன்று எண்கள் எவ்வளவு உதவும் என்பதை நான் கண்டிருக்கிறேன்.

புரோகல்சிற்றோனின்: தொடங்குவதற்கல்ல, நிறுத்துவதற்கு

தைரொயிட் சுரப்பியில் கல்சிற்றோனின் என்னும் ஓமோனாக மாறுவதற்கு முன்னுள்ள 116 அமினோ அமில நீளப் புரதம் இது. கடும் பற்றீரியாத் தொற்றில் இது குருதியில் ஏறுகிறது என்பது 1993இல் தெரியவந்தது; ஈரல், நுரையீரல், குடல், கொழுப்பிழையம் எனப் பல இழையங்கள் அப்போது இதை ஆக்கிக் குருதியில் விடுகின்றன. வைரசுத் தொற்றில் சுரக்கும் இன்ரர்பெரோன்-காமா இந்த உற்பத்தியை அடக்குவதால், பற்றீரியாவையும் வைரசையும் பிரித்தறிய இது சி.ஆர்.பி.யைவிடச் சற்று மேலானது. மில்லிலீற்றருக்கு 0.25 நனோகிராமுக்குக் கீழ் என்றால் பற்றீரியாத் தொற்று இருக்கும் வாய்ப்புக் குறைவு, 0.5க்கு மேல் வாய்ப்புண்டு, 2க்கு மேல் பெரும்பாலும் கடும் தொற்று எனக் கொள்ளப்படுகிறது.

ஆனால் இந்த எண்ணை எதிர்பார்த்து நுண்ணுயிர்கொல்லியைத் தாமதிக்கக் கூடாது. 2021 வழிகாட்டலின்படி, மருந்தைத் தொடங்குவதா என்பதை வைத்தியரின் மதிப்பீட்டாலேயே தீர்மானிக்க வேண்டும்; அதோடு புரோகல்சிற்றோனினைச் சேர்ப்பது பரிந்துரைக்கப்படவில்லை. அதிர்ச்சி நிலையிலோ செப்சிஸ் பெரிதும் சந்தேகிக்கப்படும் நிலையிலோ ஒரு மணித்தியாலத்துக்குள் மருந்து உள்ளே போக வேண்டும். சோதனை நகரத்திலுள்ள தனியார் ஆய்வுகூடத்தில் மட்டும் செய்யப்படுமாயின், வீட்டாரை அந்தக் குழாயோடு பேருந்தில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது நோயாளியின் நேரத்தை வீணாக்குவதாகும். ஓர் ஏழைக் குடும்பத்தின் கைக்காசும் அதோடு போகும்.

இதன் பெறுமதி நிறுத்தும் நாளில்தான் வெளிப்படும். நோயாளி தேறி வருகிறார், எத்தனை நாள் மருந்து என்பது தெளிவில்லை என்றால், உச்சத்திலிருந்து 80 வீதம் குறைந்ததும் அல்லது 0.5க்குக் கீழ் இறங்கியதும் நிறுத்தலாம். நெதர்லாந்தின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில் இம்முறை மருந்து நாட்களைக் குறைத்ததோடு இறப்பையும் குறைத்தது. சி.ஆர்.பி.யைப் பார்த்து நிறுத்தும் முறை, பிரித்தானியாவில் நடந்து 2024இல் வெளியான பெரிய ஆய்வில் மருந்து நாட்களைக் குறைக்கவில்லை. எனவே பணம் இரண்டு சோதனைக்கே போதும் என்றால், முதல் நாளுக்கு ஒன்றும் நான்காம் அல்லது ஐந்தாம் நாளுக்கு ஒன்றுமாகப் பங்கிடுங்கள்; முதல் நாளில் மட்டும் எடுத்துவிட்டு விடுவதில் பெரிய பயனில்லை.

பிறந்து இரண்டு நாள் ஆகாத சிசு, பெருங்காயம், தீக்காயம், பெரிய சத்திரசிகிச்சை, நாட்பட்ட சிறுநீரக நோய் ஆகியவற்றில் தொற்றில்லாமலும் இது ஏறும். மலேரியாவிலும் ஏறும். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டதால், ஒரு காலத்தில் வன்னியை வாட்டிய அந்த நோயை நாம் மறந்துவிட்டோம். வெளிநாட்டிலிருந்து திரும்பியவருக்குக் காய்ச்சல் என்றால் குருதிப் பூச்சைக் கேட்க மறக்கக் கூடாது. மறுபுறம், மூடிய சீழ்க்கட்டியில் எண் தாழ்ந்தே இருக்கக்கூடும்.

எஃப்.பி.சி. தாளில் நாம் தவறவிடுபவை

குருதிக் கலங்களை எண்ணும், எந்த வைத்தியசாலையிலும் கிடைக்கும் இந்தச் சோதனையில் வெண்குழிய மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடுகிறோம். வெண்குழியம் 12,000க்கு மேல் என்பதைவிட 4,000க்குக் கீழ் என்பது முதியவரில் கூடுதல் அச்சம் தருவது. இயந்திரம் தராத செய்தியை நுணுக்குக்காட்டி தரும்: முதிராத நியூத்திரோபில்கள் 10 வீதத்துக்கு மேல் இருத்தல், அவற்றுள் கருத்த நச்சுத் துணிக்கைகளும் வெற்றிடக் குமிழ்களும் தோன்றுதல். ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளரிடம் நேரில் போய், "இந்த நோயாளிக்குச் செப்சிஸ் சந்தேகம், பூச்சைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். படிவத்தில் "காய்ச்சல்" என்று மட்டும் எழுதினால் எவரும் பார்க்கமாட்டார்கள்.

சிறுதட்டு எண்ணிக்கை 1,50,000க்குக் கீழ் இறங்குவது உறுப்புத் தளர்வு மதிப்பீட்டில் ஒரு புள்ளி, 1,00,000க்குக் கீழ் இரண்டு. கிரியற்றினின் டெசிலீற்றருக்கு 2 மில்லிகிராமை, அதாவது லீற்றருக்கு ஏறத்தாழ 177 மைக்குரோமோலை எட்டுவதும், பிலிருபின் 2 மில்லிகிராமை எட்டுவதும் இரண்டு புள்ளிகள். வழமையான நிலையிலிருந்து மொத்தம் இரண்டு புள்ளி கூடினாலே வைத்தியசாலையில் இறக்கும் ஆபத்து ஏறத்தாழப் பத்து வீதம். "வழமையான நிலையிலிருந்து" என்ற சொற்களைக் கோடிட்டு வாசியுங்கள். வவுனியா, செட்டிகுளம் பக்கங்களில் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயோடு வாழும் கமக்காரருக்குக் கிரியற்றினின் எப்போதும் 2.5 இருக்கலாம். அவருக்கு அந்த எண் புதிய தளர்வு அன்று, 1.0 இருந்த இளைஞருக்கு அதே எண் பெரும் தளர்வு.

மழைக்காலத்தின் ஒத்த முகங்கள்

காலபோக விதைப்போடு நம் விடுதிகள் நிறையும். சேற்றில் நின்றவர், காய்ச்சல், தசைவலி, சிறுதட்டுக் குறைவு என்ற ஒரே முகத்தோடு குறைந்தது நான்கு நோய்கள் வரும்.

டெங்கில் வெண்குழியமும் சிறுதட்டும் சேர்ந்து இறங்கும், குருதிச் செறிவு ஏறும், சி.ஆர்.பி. பெரும்பாலும் தாழ்ந்தே நிற்கும். இதைப் பிரித்தறிவது உயிர்ப் பிரச்சினை. செப்சிஸ் அதிர்ச்சிக்கு முதல் மூன்று மணித்தியாலத்தில் கிலோவுக்கு 30 மில்லிலீற்றர் திரவம் என்பது வழிகாட்டல்; குழாய்களிலிருந்து நீர் கசியும் டெங்கு நோயாளிக்கு அதே கையோடு ஊற்றினால் நுரையீரலைச் சுற்றி நீர் நிரம்பும். அங்கே திரவத்தை மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் அளந்தே கொடுக்க வேண்டும். டெங்கு உறுதியானவரில் சி.ஆர்.பி. 100ஐத் தாண்டினால் கூடவே ஒரு பற்றீரியாத் தொற்றையும் தேடுங்கள்.

எலிக்காய்ச்சலில் சி.ஆர்.பி. உயரும், நியூத்திரோபில் கூடும், சிறுதட்டு இறங்கும், கிரியற்றினினும் பிலிருபினும் ஏறும். ஆனால் பிலிருபின் ஏறிய அளவுக்கு ஈரல் நொதியங்கள் ஏறா. புரோகல்சிற்றோனினும் ஏறலாம் என்பதால் அது இதைப் பிரித்துக் காட்டாது. உண்மையில் கடும் எலிக்காய்ச்சலே ஒருவகைச் செப்சிஸ்தான். கண் சிவந்திருக்கிறதா, கெண்டைக்கால் தசை தொட்டால் நோகிறதா என்று பாருங்கள். தடுப்பு மருந்து குடித்தவர் என்பதால் இந்த நோயை விலக்கிவிடாதீர்கள்.

உண்ணிக் காய்ச்சலில் குறிகாட்டிகள் எல்லாம் ஏறி நிற்க, செப்ற்றியக்சோன் மூன்று நாள் ஏற்றியும் எதுவும் இறங்காது. குறிகாட்டி இறங்காமை என்பதே இங்கே நோயறியும் துப்பு: மருந்து தவறு. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ் மடிப்பு, இடுப்புச் சரம் படும் இடம் ஆகியவற்றை உடை நீக்கித் தேடினால், சிகரெட் சுட்டதுபோன்ற வலியற்ற கருந்தழும்பு கிடைக்கலாம். டொக்சிசைக்கிளின் தொடங்கினால் ஓரிரு நாளில் காய்ச்சல் விழும்.

மெலியோய்டோசிஸ் சேற்றிலும் நீரிலும் வாழும் பற்றீரியாவால் வருவது. நீரிழிவுள்ள கமக்காரர் மழைக்குப் பின் நியூமோனியாவோடு வந்தால் இதை நினையுங்கள். குருதி வளர்ப்புச் சோதனையே இதற்கு விடை. வளரும் கிருமியைச் சாதாரண மாசு என்று ஒதுக்கிவிடக்கூடும் என்பதால், சந்தேகத்தை முன்கூட்டியே ஆய்வுகூடத்துக்கு அறிவியுங்கள். செவ்ற்றசிடிம் அல்லது மெறொபெனமும், பின்னர் மாதக்கணக்கில் வாய்வழி மருந்தும் தேவைப்படும் நோய் இது.

வரம்பில் மயங்கிக் கிடந்தவரைக் கொண்டுவந்தால் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். புடையன் கடித்தவருக்கும் வெண்குழியம் கூடும், சிறுதட்டு இறங்கும், கிரியற்றினின் ஏறும். கடிவாயைத் தேடுங்கள், சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லிலீற்றர் குருதியை இட்டு இருபது நிமிடம் அசையாமல் வைத்துச் சரித்துப் பாருங்கள். உறையாமல் ஓடினால் அது வேறு வழி, வேறு மருந்து.

போக்கைச் சொல்லும் எண்கள்

"தப்புவாரோ, ஐயா?" என்று வீட்டார் கேட்கும்போது, அன்றைய ஒற்றை எண்ணை வைத்து விடை சொல்லாதீர்கள். எண்களின் போக்கை வைத்துச் சொல்லலாம். முதல் ஆறு மணித்தியாலத்தில் லக்ரேற்று குறைகிறதா, விரல் நுனியில் நிறம் விரைவாகத் திரும்புகிறதா, சிறுநீர் போகிறதா என்பவை முதல் நாளின் சாட்சிகள். நான்காம் நாளில் புரோகல்சிற்றோனின் முதல் நாளைவிட 80 வீதத்துக்கு மேல் குறையாதவர்கள், குறைந்தவர்களைப்போல் இருமடங்கு எண்ணிக்கையில் இறந்ததாக 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. சிறுதட்டுக்கள் நான்காம், ஐந்தாம் நாளிலும் மீண்டு ஏறாமல் கிடப்பது கெட்ட குறி. எண்கள் இறங்காதபோது கேட்க வேண்டியவை இவை: மருந்து சரியா, அளவு சரியா, வடிக்கப்படாத சீழ் எங்கே, அகற்ற வேண்டிய குழாய் எது?

பிறெசெப்சின், அட்ரினோமெடுலினின் முன்தோன்றல், மொனோசைற்றுப் பரம்பல் அகலம் ஆகிய புதிய குறிகாட்டிகளைப் பற்றிக் கேள்விப்படுவீர்கள். நல்லவை, ஆனால் விரல் நுனியை அழுத்திப் பார்க்காத விடுதிக்கு அவை எதையும் சேர்க்கப்போவதில்லை.

இடமாற்றத் தாளில்

வீட்டிலிருந்து 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவ செரிய நோயாளர் காவு வண்டி வரும்; காய்ச்சலோடு குழம்பிப் பேசுபவரையும், மூச்சு வாங்குபவரையும், அரை நாளாகச் சலம் போகாதவரையும் விடியும்வரை வைத்திருக்க வேண்டாம்.

சிறிய வைத்தியசாலையிலிருந்து கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ வவுனியாவுக்கோ அனுப்பும் முன்னர், குருதி வளர்ப்புச் சோதனைக்கு இரண்டு இடங்களிலிருந்து, ஒவ்வொரு போத்தலுக்கும் எட்டு முதல் பத்து மில்லிலீற்றர் வீதம் எடுத்து, உடனே முதல் மருந்தைப் போட்டுவிடுங்கள். வளர்ப்புக்கு எடுப்பது கடினமானால் அதற்காக மருந்தைப் பிந்தவிட வேண்டாம். போத்தல்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. நோயாளியோடு அதே வண்டியில் போகட்டும். தாளில் இவ்வாறு எழுதுங்கள்: "நடுக்கம் தொடங்கியது நேற்று மாலை 4.00. குருதி எடுத்தது இன்று அதிகாலை 2.10, சி.ஆர்.பி. 96. சுவாசம் 2.10இல் 28, 3.00இல் 24. விரல் நுனி 2.10இல் 5 செக்கன், 3.00இல் 3 செக்கன். கடைசியாகச் சலம் இரவு 9.00. முதல் மருந்து 2.25. வழமையான கிரியற்றினின் 1.1, கிளினிக் கொப்பியில் உள்ளது." மாங்குளம் சந்தியைக் கடந்து வண்டி போய்ச் சேரும்போது, அங்கே இரண்டாவது சி.ஆர்.பி. எடுக்கும் வைத்தியருக்கு உங்கள் 96 பத்து மணித்தியாலத்து எண் என்பது அப்போதுதான் தெரியும். அது 180 ஆகியிருப்பதைக் கண்டு அவர் மருந்தை மாற்றமாட்டார்.